மூலக்குளிகைக்கு ஓர் அரங்கேற்றம்

சண்டைக்குப் பத்திரிகை அடித்த ஒரே அம்மா இந்த உலகத்தில் சபரியின் அம்மாவாகத்தான் இருக்கும். அதுவும் சும்மா பத்திரிகையா? ஓரமெல்லாம் தங்க அச்சு, உச்சியில் பிள்ளையார், நடுவில் பட்டு வேட்டி கட்டி, வாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கஷாயம் குடித்த மூஞ்சியோடு நிற்கும் சபரியின் போட்டோ. "எங்கள் அன்பு மகன் சிரஞ்சீவி சபரியின் வாள் அரங்கேற்றத்திற்குத் தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து வாழ்த்தியருள வேண்டுகிறோம்." அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், "விருந்து உண்டு".

"அம்மா, இது டூயல். அரங்கேற்றம் இல்ல. ஒருத்தர் தோத்தே ஆகணும். ப்ளீஸ், யாரையும் இன்வைட் பண்ணாத," என்று சபரி தலைதலையாக அடித்துக்கொண்டான்.

"ஏன்? ஷ்யாமளா பொண்ணு பரதம் ஆடினதுக்கு முன்னூறு பேரு வந்தாங்க. அவ தரையிலதான் ஆடினா. என்ற பையன் பறக்கப் போறான். பறக்கறதுக்கு வரமாட்டாங்களா?" என்றாள் மரகதம். ஹால் புக் பண்ணியாகிவிட்டது. கேட்டரிங்குக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. வருகிறவர்களுக்கு ரிட்டர்ன் கிஃப்டாகக் கொடுக்க ஈரோட்டிலிருந்து பித்தளைக் குங்குமச்சிமிழ் வேறு வந்து இறங்கிவிட்டது.

சான் ஹோசேயில் நம்ம ஆட்கள் பிள்ளைகளைச் சேர்க்காத வகுப்பு கிடையாது. பரதம், மிருதங்கம், செஸ், ரோபோ என்று வாரம் பூராவும் கார் ஓடிக்கொண்டே இருக்கும். மரகதம் சபரியைக் கொண்டுபோய் மாஸ்டர் வெய்யிடம் சேர்த்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவருடைய பள்ளி இந்தியன் மளிகைக் கடைக்குப் பக்கத்துக் கதவு. பையனை உள்ளே தள்ளிவிட்டு இவள் நிம்மதியாகக் கறிவேப்பிலை வாங்கலாம்.

மாஸ்டர் வெய்யைப் பார்த்தால் அறுபது சொல்லலாம். நிஜத்தில் நானூற்றுச் சொச்சம். சீனாவில் ஏதோ ஒரு மலை உச்சியில் மேகத்துக்கு மேலே இருந்தவர், இப்போது மளிகைக் கடைக்கும் லாண்டரிக்கும் நடுவே வாடகைக்கு இருந்தார். மூச்சை அடக்கி உடம்பில் பிராணனைத் திரட்டுவது, திரட்டியதைப் படிப்படியாக மேலே ஏற்றுவது, ஏறினவன் கையால் பாறையை உடைப்பது, வாளின் மேல் நின்று பறப்பது, இதுதான் அங்கே பாடம். மொத்தம் ஒன்பது படி. ஒன்பதுக்கு அப்புறமும் போக வேண்டுமென்றால், மனுஷ ஆயுசையே தாண்டிப் போக வேண்டுமென்றால், மூலக்குளிகை வேண்டும்.

அங்கேதான் சிக்கல். மாஸ்டரின் உலையில் மூன்று வருஷத்துக்கு ஒரே ஒரு குளிகைதான் விளையும். பள்ளியில் உச்சத்தில் இருக்கிற இரண்டு பேர் மோத வேண்டும். ஜெயித்தவனுக்குக் குளிகை. அதையும் முப்பது வயசுக்குள் விழுங்கினால்தான் உண்டு. முப்பதில் அடிவயிற்றில் இருக்கும் மூலநாடி மூடிக்கொள்ளும். அப்புறம் குளிகையை டப்பா டப்பாவாகத் தின்றாலும் ஏப்பம்தான் வரும்.

சபரிக்குப் பத்தொன்பது வயசு. அவனோடு மோதப் போகிற சுலக்சனுக்கு வருகிற ஜனவரியில் முப்பது ஆகிறது.

சுலக்சன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இங்கே ஒண்டிக்கட்டை. ஒரு டேட்டா சென்டரில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, தூங்க வேண்டிய பகலில் பள்ளியில் கிடப்பான். சபரி சின்னப் பையனாக இருந்தபோது, மரகதத்தின் கார் மக்கர் பண்ணின ஒரு நாள், அவனைக் கூட்டிவந்து வீட்டில் விட்டவன் சுலக்சன்தான். வாசலில் நின்றவனின் ஒட்டின கன்னத்தைப் பார்த்தாள் மரகதம். "சாப்ட்டியா கண்ணு?" என்றாள். "ஓம் அன்ரி," என்றான் அவன். பச்சைப் பொய் என்று அவளுக்குத் தெரியாதா? கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துச் சோறு போட்டாள். அன்றிலிருந்து எட்டு வருஷமாகச் சனிக்கிழமை மதியம் சுலக்சனுக்கு இவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவன் வர லேட்டானால் மரகதம் போன் மேல் போன் போடுவாள். சபரி அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவான். கூடப் பிறந்தவன் இல்லாத குறை சபரிக்குத் தெரிந்ததே இல்லை.

அப்படிப்பட்டவனோடுதான் மோத வேண்டும். சுலக்சன் ஒன்பதாம் படியில் ததும்பிக்கொண்டு நின்றான். சபரி ஏழாம் படி. பள்ளியில் வேறு ஆளே இல்லாததால்தான் அவனுக்கு இந்த இரண்டாம் இடம். மோதினால் என்ன ஆகும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. மண்ணைக் கவ்வுவான். அதைப் பற்றி அவன் பெரிதாக வருத்தப்படவும் இல்லை. அண்ணாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, தனக்கு இன்னும் வருஷம் கிடக்கிறது. கூச்சமெல்லாம் முன்னூறு பேர் முன்னால் தோற்கப் போவதை நினைத்துத்தான்.

சாப்பாடு விஷயத்தில் மரகதத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவளும் புருஷன் ரஞ்சித்குமாரும் அமெரிக்கா வந்த புதிதில் டெக்ஸாஸில், கேட்டி என்கிற ஊரில், ரஞ்சித்குமாரின் அண்ணன் வீட்டில்தான் தங்கியிருந்தார்கள். சபரி அப்போது கைக்குழந்தை. ஒரு நாள் ஏதோ பேச்சு முற்றிப்போய், அண்ணன் பெண்டாட்டி, "மாசக்கணக்கா எங்க வீட்டுல உக்காந்து தின்னீங்கல்ல?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். அந்த நிமிஷமே பெட்டியைக் கட்டினார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மோட்டலுக்குப் போனார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவர்கள் பச்சைத் தண்ணிகூடக் குடித்தது கிடையாது.

"போட்ட சோத்தச் சொல்லிக்காட்டிட்டா அப்புறம் என்ன நன்றி, என்ன விசுவாசம்? எல்லாம் அந்த எடத்துலயே தீந்துது. நாம அவங்களுக்கு ஒண்ணும் கட்டுப்பட்டவங்க இல்ல," என்று மரகதம் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் முடிப்பாள். வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்லுவாள். சபரிக்கு அது மனப்பாடம்.

அரங்கேற்ற நாளும் வந்தது. ஹால் வாசலில் பிளாஸ்டிக் வாழைமரம், மேடையில் ரோஜாப்பூ வளைவு, பின்னால் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு ஃப்ளெக்ஸ் பேனர். அதில் மறுபடியும் அதே கஷாய மூஞ்சி. ஒரு பக்கம் நீளமாக மேஜை போட்டு, சில்வர் ட்ரேக்களுக்கு அடியில் நெருப்பு ஏற்றி, பிரியாணியும் பருப்புப் பாயசமும் சூடாகிக்கொண்டிருந்தன. மணம் தூக்கிற்று. மாஸ்டர் வெய் சாம்பல் நிற ஸ்வெட்டரில் வந்தார். மரகதம் ஓடிப்போய் அவர் நெற்றியில் சந்தனம் வைத்து, கல்கண்டு கொடுத்தாள். நானூறு வருஷத்தில் எத்தனையோ பார்த்தவர், பேசாமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

வீடியோக்காரர் சபரியின் காலரில் குட்டி மைக் ஒன்றைச் சொருகினார். "ஹால் ஸ்பீக்கர்லயும் கேக்கும் தம்பி, டயலாக் ஏதாவது இருந்தா நல்லா சத்தமா அடிச்சு விடுங்க," என்றார். டயலாக்காம்! சபரிக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மாஸ்டர் எழுந்து நின்று பள்ளியின் விதிகளைச் சொன்னார். அம்மாவின் சிநேகிதி ஷ்யாமளா ஆன்டி மைக்கில் அதைத் தமிழ்ப்படுத்தினாள். "விழுந்தவர் தோத்தவராம். ஒருத்தருக்கு ஒருத்தர் விட்டுக்கொடுத்து ஆடக் கூடாதாம். அப்படி ஆடினது தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் கிடையாது, குளிகை உலைக்கே திரும்பிப் போயிடுமாம். ஜெயிச்சவர் கிட்ட மாஸ்டர், 'மனசு நெறஞ்சுதா?'ன்னு கேப்பாராம். இல்லன்னு சொன்னா இன்னொரு தடவ மோதணுமாம். இதுவரைக்கும் யாரும் இல்லன்னு சொன்னது கெடயாதாம்!" கூட்டம் சிரித்தது. ஜெயித்துவிட்டு எவன் இல்லை என்பான்?

மணி அடித்தது. சுலக்சனின் வாள் உறையிலிருந்து தானாக எழும்பி, ஹாலின் கூரை விளக்குகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு இறங்கியது. பிள்ளைகள் கிறீச்சிட்டன. மாமாக்கள் ஐபேடைத் தூக்கிப் பிடித்தார்கள். சபரி பல்லைக் கடித்துக்கொண்டு தன் வாளை ஏவினான். இரண்டும் நடுவானில் மோதிப் பொறி பறந்தது. சபரி பின்னால் எகிறி விழுவோம் என்று காத்திருந்தான். விழவில்லை. அடுத்த வீச்சையும் தடுத்தான். அதற்கடுத்ததையும் தடுத்தான்.

அட, நான் இவ்வளவு தேறிட்டேனா?

நெஞ்சு குபுக்கென்று பொங்கிற்று. அந்த ஒரு நிமிஷ சந்தோஷத்தைப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு உடம்பு கூசும். அப்போது கூசவில்லை. காற்றில் ஏறினான், கைதட்டல் காதை அடைத்தது, அம்மா பட்டுப்புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது. மேலேயிருந்து பாய்ந்து உள்ளங்கையை நீட்டினான். சுலக்சனும் நீட்டினான். இரண்டு கையும் தொட்டன.

கையும் கையும் தொட்டால் எதிராளியின் பிராணன் தெரிந்துவிடும். அதை மறைக்க யாராலும் முடியாது. சபரிக்கும் தெரிந்தது. அந்தக் கைக்குப் பின்னால் ஓர் ஏரியே இருந்தது. முட்டிக்கொண்டு நின்றது. மதகை மட்டும் இறுக்கி அடைத்து வைத்திருந்தான் சுலக்சன். ஒரு சொட்டுகூட வெளியே விடவில்லை. அடுத்த நொடி, சபரி தள்ளாமலே, சுலக்சன் தானாகவே பின்னால் பறந்துபோய் மேடையின் ஓரத்தில் தொப்பென்று விழுந்தான்.

ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. சபரி ஓடிப்போய் அவனைத் தூக்கினான். சுலக்சன் எழுந்திருக்கும் சாக்கில், சபரியின் காலரில் இருந்த மைக்கை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டான்.

"ஒய் அண்ணா? ஏன் இப்படிப் பண்ணே?"

"உன்ர அம்மா கேட்டவ," என்றான் சுலக்சன், உதடு அசையாமல். "முன்னூறு பேரைக் கூப்பிட்டிட்டன், பிள்ளை தோத்தா நான் ஆரின்ர முகத்தில முழிக்கிறது, விட்டுக்குடு கண்ணு எண்டு கேட்டவ. எட்டு வருஷம் அவவின்ர கையால சாப்பிட்டிருக்கிறன். என்னண்டு மறுக்கிறது? வாக்குக் குடுத்திட்டன். விடு தம்பி. சிரி. ஆக்கள் பாக்கினம்."

மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, சுலக்சன் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

சபரி அம்மாவைத் தேடினான். மரகதம் அவனைப் பார்க்கவில்லை. சுலக்சனைப் பார்த்து, கண்ணில் நீரோடு, யாருக்கும் தெரியாத மாதிரி நெஞ்சுக்கு நேரே கையைக் குவித்தாள்.

சபரிக்கு மானம் போயிற்று. முன்னூறு பேர் கைதட்டும்போது மானம் போகும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. சின்ன வயசில் கணக்கு டெஸ்டில் தானாகவே மார்க் வாங்கினான், கராத்தேயில் தானாகவே பெல்ட் வாங்கினான், இப்போது அம்மா போய்ப் பிச்சை கேட்டு வாங்கி வந்த வெற்றி இது. யாரிடம்? ஜனவரியோடு ஆயுசுக்கனவே முடியப் போகிற ஒருத்தனிடம்.

மாஸ்டர் வெய் பச்சைக்கல் டப்பாவோடு மேடை ஏறினார். உள்ளே பட்டாணி அளவுக்குப் பொன் நிறத்தில் மூலக்குளிகை. சபரி அதைப் பார்த்தான். நிஜத்தைச் சொன்னால், அந்த நேரத்திலும் அவனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பேசாமல் விழுங்கிவிட்டால்? அண்ணாவே விடு என்கிறான், அம்மா சந்தோஷமாக இருக்கிறாள், யாருக்குத் தெரியப்போகிறது? சீ என்று தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. உண்மையைச் சொல்லலாமென்றால் அதுவும் முடியாது. விட்டுக்கொடுத்தது தெரிந்தால் குளிகை உலைக்குப் போய்விடும். சபரி யோக்கியன் என்று பேர் வாங்குவான், சுலக்சன் ஒன்றுமில்லாமல் நிற்பான்.

"மனசு நிறைந்ததா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"இல்ல," என்றான் சபரி. "ஒன்ஸ் மோர்."

கூட்டத்துக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" என்று விசில் பறந்தது. பையனுக்கு என்ன தில்லு பார் என்று மாமாக்கள் முதுகைத் தட்டிக்கொண்டார்கள். மாஸ்டர் சபரியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். டப்பாவை மூடிவிட்டு ஒதுங்கிப் போனார். மரகதத்தின் முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

இரண்டாவது தடவை சபரி வாளை எடுக்கவே இல்லை. நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டு போய் நின்றான். சுலக்சன் அடிக்கவில்லை. விலகினான். சபரி முட்டிக்கொண்டு போனான். சுலக்சன் பின்வாங்கி, பின்வாங்கி, மறுபடி மேடை ஓரத்துக்கு வந்துவிட்டான். இன்னும் ஓர் அடி வைத்தால் விழுந்துவிடுவான், வேண்டுமென்றேதான் விழுவான்.

சபரி காலர் மைக்கைப் பொத்திக்கொண்டு கெஞ்சினான். "அடிங்கண்ணா. ப்ளீஸ். ஒரே ஒரு அடி."

"ஏலாது. வாக்கு வாக்குத்தான்."

அவன் அடிக்க மாட்டான். அந்தச் சோறு அவன் வயிற்றில் இருக்கும் வரைக்கும் அவன் கை எழாது. அடித்து உதைத்தாலும் எழாது. அந்தக் கட்டை அவிழ்க்க ஒரே ஒரு வழிதான் உண்டு. அது சபரிக்கு மனப்பாடமாகத் தெரிந்த வழி. வேறு வழி தெரியுமா என்று ஒரு நொடி தேடினான். தெரியவில்லை. சுலக்சனின் ஒரு கால் மேடைக்கு வெளியே போய்விட்டது.

சபரி மைக்கிலிருந்து கையை எடுத்தான். வீட்டில் எதற்கும் இங்கிலீஷிலேயே பதில் சொல்லிப் பழகிய பையன், வாயைத் திறந்து, முழுசாக, அட்சர சுத்தமான தமிழில் கத்தினான்.

"எட்டு வருஷமா எங்க வீட்டுல ஓசிச் சோறு தின்னவன்தானேடா நீ? எங்கம்மா போட்ட சோத்துலதானே உனக்கு இந்த உடம்பே வந்துச்சு? தின்ன சோத்துக்கு வால ஆட்டிக்கிட்டு நிக்கிறியா?"

ஸ்பீக்கரில் அது ஹாலின் நாலு மூலைக்கும் போய் மோதித் திரும்பி வந்தது. விசில் பாதியில் நின்றது. யாரோ ஒரு பாட்டில் தண்ணீரைக் கீழே போட்டார்கள், அந்தச் சத்தம்கூடக் கேட்டது.

சுலக்சனின் முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று. வெளியே போன காலை எடுத்து மேடைமேல் வைத்தான். அவன் கண்ணைப் பார்க்க சபரிக்குத் தைரியம் வரவில்லை. காற்று மட்டும் இறுகுவது தெரிந்தது. கூரை விளக்குகள் கிணுகிணுவென்று ஆடின. ரோஜாப்பூ வளைவு பிய்த்துக்கொண்டு பறந்தது. சுலக்சன் வாளைத் தொடவே இல்லை. கையை ஒரு தடவை வீசினான். அவ்வளவுதான். மதகு மொத்தமாகத் திறந்துகொண்டது. சபரி அந்தரத்தில் பறந்து, பேனரில் இருந்த தன் மூஞ்சியையே கிழித்துக்கொண்டு போய்ப் பின் சுவரில் மோதிக் கீழே சரிந்தான்.

எழுந்திருக்க முடியவில்லை. விலாவில் இரண்டு எலும்பாவது போயிருக்கும். அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. அழுகையும் வந்தது.

மாஸ்டர் வெய் சுலக்சனிடம் போய், "மனசு நிறைந்ததா?" என்று கேட்டார். சுலக்சன் சுவரோரம் கிடந்த சபரியைப் பார்த்தான். அப்புறம் "ஓம்," என்றான். குளிகையை வாங்கி விழுங்கினான். அவன் உடம்பெல்லாம் பொன்னாக ஒளிர்ந்தது. பாதம் தரையை விட்டு ஒரு சாண் மேலே எழும்பி நின்றது. எத்தனை வருஷத்து உழைப்பு, எத்தனை பேருக்குக் கிடைக்கும் காட்சி அது! ஒருத்தரும் கைதட்டவில்லை.

மரகதம் மேடைக்கு ஓடி வந்தாள். விழுந்து கிடந்த பிள்ளையைத் தாண்டிக்கொண்டு போனாள். "சாமி, அவன் பேசினத மனசுல வெச்சுக்காத சாமி, நான் என்ற கொழந்தைய அப்படி வளக்கல," என்று சுலக்சனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். முன்னூறு பேர் பார்த்தார்கள். சுலக்சன் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துத் தாழ்த்திவிட்டு, மாஸ்டரோடு பக்கத்து அறைக்குப் போய்விட்டான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. ஷ்யாமளா ஆன்டி, "எல்லாரும் சாப்ட்டுட்டுப் போகணும்," என்று மைக்கில் அறிவித்தாள். குரல் பிசிறடித்தது. ஒருத்தரும் மேஜைப் பக்கம் போகவில்லை. எப்படிப் போவார்கள்? போட்ட சோற்றை மைக் வைத்துச் சொல்லிக்காட்டுகிற வீட்டில் யார் கை நனைப்பார்கள்? நாளைக்கு நம்மையும் சொல்ல மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? ஒருத்தருக்குப் பையனை சாக்கருக்குக் கூட்டிப் போக வேண்டுமாம். ஒருத்தருக்கு ஏர்போர்ட் பிக்கப். ஒருத்தருக்கு இன்றைக்கு ஒருபொழுதாம், சனிக்கிழமையாம். குங்குமச்சிமிழை மட்டும் மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், கூட்டம் கரைந்துபோயிற்று. கடைசியில் ஷ்யாமளா ஆன்டியும் மரகதத்தின் தோளைத் தொட்டுவிட்டுக் கிளம்பினாள். அவளும் சாப்பிடவில்லை.

ட்ரேக்கள் அத்தனையும் மூடி திறக்காமல் கொதித்துக்கொண்டிருந்தன.

சபரி ஒரு நாற்காலியில், விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மரகதம் வந்து எதிரே நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருக்கலாம்.

"எப்படிடா வந்துச்சு உன்ற வாயில அது?" என்றாள். "கேட்டியில உன்ற பெரியம்மாகூட நாலு செவுத்துக்குள்ளதான் சொன்னா. நீ மைக் வெச்சுச் சொன்னே."

நீ போய்க் கேட்டதால்தான் சொன்னேன் என்ற வார்த்தை அவனுடைய தொண்டை வரைக்கும் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அதைக் கேட்டால் இவள் செத்துவிடுவாள் என்று தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டு, "சாரிம்மா," என்றான்.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. சுலக்சன் வந்தான். பொன் நிறம் இன்னும் முழுசாக அடங்கவில்லை, மற்றபடி அதே பழைய ஜீன்ஸ், அதே சட்டை. நேரே சபரியிடம் வந்து குனிந்து விலாவைத் தொட்டுப் பார்த்தான்.

"நோகுதோ?"

"பரவால்லண்ணா."

"நீ ஏன் சொன்னனி எண்டு அடிச்ச பிறகுதான் விளங்கினது," என்றான் மெதுவாக. "கோவமில்லை."

மரகதத்துக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவள் சுலக்சனைக் கண்டதும் மேஜைக்கு ஓடியிருந்தாள். தட்டை எடுத்து, ஒவ்வொரு மூடியாகத் திறந்து, தட்டு கொள்ளாத அளவுக்குப் பரிமாறிக்கொண்டு வந்தாள். "ஒரு வாய் சாப்டு கண்ணு. நீ ஒரு வாய் சாப்ட்டாப் போதும் எனக்கு," என்றாள்.

சுலக்சன் வாங்கிக்கொண்டான். உட்கார்ந்தான். பிசைந்தான். ஒரு பிடி எடுத்து வாய்வரை கொண்டுபோனான். அப்படியே இருந்தான். பிறகு பிடியைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

மரகதம் விக்கி அழுதாள். "அவன் சின்னப் பையன் சாமி, புத்தியில்லாமச் சொல்லிட்டான். அவனுக்காக நான்..."

"அவன் சொன்னதால இல்லை அன்ரி." சுலக்சன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். குரலில் ஒரு துளி கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "போன சனிக்கிழமை நீங்கள் விட்டுக்குடு எண்டு கேக்கேக்க நான் வாயில சோறு வச்சிருந்தனான். அந்தப் பிடி எனக்கு இன்னும் இறங்கேல்லை."

தட்டை மேஜையில் வைத்தான். கை கழுவினான். "வாறன்," என்று இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே நடந்தான். பார்க்கிங் லாட்டில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

மரகதம் சபரியின் பக்கம் திரும்பினாள். "நான் போய்க் கேட்டது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சபரி தலையை ஆட்டினான்.

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவும் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ரஞ்சித்குமார் ஹால் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்தார். "நாலு மணிக்குள்ள காலி பண்ணணுமாம். இவ்வளவு சாப்பாட்டை என்ன பண்றது மரகதம்?" என்று கேட்டார்.